உண்மை யார் கைக்குப் போகிறது? இந்திய அரசியல் த்ரில்லர்களின் சாம்பல் நிறம்

ஆயுத பூஜை வருகிறது. ஒரு காவல் நிலையத்தைச் சில இளைஞர்கள் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒட்டடை அடிக்கிறார்கள், கழிவறையைத் தேய்க்கிறார்கள். இந்த வேலை முடிந்ததும் ஊருக்குப் போய்விடலாம் என்ற நினைப்பு அவர்களுக்கு. அதே கட்டடத்தில் ஒரு ஆடிட்டரை வைத்து விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய அரசியல் புள்ளிகளின் கணக்கெல்லாம் தெரிந்த ஆள். துடைத்துக்கொண்டிருப்பவர்கள் காதில், விழக்கூடாத பேச்சு விழுந்துவிடுகிறது.

வெற்றிமாறனின் 'விசாரணை' (2016) படத்தில் பலரும் முதல் பாதி அடிகளைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தத் துடைப்பமும் வாளியும்தான் நினைவில் நிற்கின்றன. சாமி கும்பிடுவதற்காகச் சுத்தம் செய்கிற இடத்தில் ஒரு கொலையைத் தற்கொலையாக மாற்றும் ஏற்பாடு நடக்கிறது. யாரும் வில்லன் சிரிப்பு சிரிப்பதில்லை. ஃபோன் வருகிறது, மேலே இருப்பவர் கேட்கிறார், கீழே இருப்பவர் 'சரி சார்' என்கிறார். அவ்வளவுதான்.

அந்தப் படத்தின் அச்சாணி சமுத்திரக்கனி நடித்த இன்ஸ்பெக்டர் முத்துவேல். குண்டூரில் மொழி தெரியாமல் பொய் வழக்கில் மாட்டிய இளைஞர்களுக்காக நீதிமன்றத்தில் மொழிபெயர்த்து அவர்களைக் காப்பாற்றியவர். கொஞ்ச நேரத்திலேயே அதே நீதிமன்றத்துக்குச் சரணடைய வந்த ஆடிட்டரைத் தூக்கிக்கொண்டு போக அதே இளைஞர்களைப் பயன்படுத்திக்கொள்பவரும் அவர்தான். நன்றிக்கடனை எப்படி வாங்கிக்கொள்கிறார் பாருங்கள். அப்புறம் அந்த இளைஞர்களைத் தீர்த்துவிடச் சொல்லி உத்தரவு வரும்போது அவருக்குக் கை வரவில்லை. தடுக்கவும் துணிவில்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் படத்திடம் பதில் கிடையாது. அவர் தயங்கிய அந்தச் சில மணி நேரத்தின் விலை என்ன என்பதற்கு மட்டும் பதில் இருக்கிறது. கடைசியில் அவரையும் சக போலீஸ்காரர்களே சுட்டுவிடுகிறார்கள்.

முதல் பாதி கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தன் அனுபவத்தை எழுதிய 'லாக்கப்' நூலிலிருந்து வந்தது. இரண்டாம் பாதியை வெற்றிமாறன் தனியாகக் கட்டினார். நடந்த கதையைவிடக் கட்டிய கதையில்தான் அரசியல் கூடுதலாக இருக்கிறது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். போலீஸ் அடிப்பதைக் காட்டினால் அது கொடுமையைப் பற்றிய படம். யாருக்காக அடிக்கிறார்கள் என்று மேலே போகப் போகத்தான் அது அரசியல் த்ரில்லர் ஆகிறது.

இப்போதெல்லாம் 'கிரே ஷேட்', அதாவது நல்லதும் கெட்டதும் கலந்த சாம்பல் நிறம், என்ற சொல் டிரெய்லர் பேட்டிகளில் தாராளமாகப் புழங்குகிறது. ஹீரோ சிகரெட் பிடித்தாலே கிரே ஷேட் ஆகிவிடுகிறது. தாடி வளர்த்து, சட்டத்தை மீறி நாலு பேரைக் கொன்று, கடைசியில் அவர் செய்தது சரிதான் என்று படமே கைதட்டினால் அதற்கும் அதே பெயர். அறம் சார்ந்த தடுமாற்றம் என்று நான் சொல்ல வருவது வேறு. கதாநாயகன் எவ்வளவு கெட்டவன் என்பதில் அது இல்லை. அவன் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த உண்மை கடைசியில் யார் கைக்குப் போகிறது என்பதில் இருக்கிறது.

இந்தக் கேள்வியை இந்தி சினிமாவில் கூர்மையாகக் கேட்ட படங்களில் ஒன்று ரமேஷ் சர்மாவின் 'நியூ டெல்லி டைம்ஸ்'. 1986-ல் வந்தது, திரைக்கதை குல்சார். சசி கபூர் ஒரு பத்திரிகை ஆசிரியர். தன் சொந்த ஊர்ப் பக்கம் நடந்த அரசியல் கொலையைத் துருவுகிறார். மிரட்டல் வருகிறது, வீட்டில் பயம் புகுகிறது, ஆனாலும் எழுதுகிறார். இதே கதையை வேறு யாராவது எடுத்திருந்தால் செய்தி அச்சாகும் காட்சியோடு முடித்திருப்பார்கள். ரோட்டரி இயந்திரம் சுற்ற, பின்னணி இசை ஏற, சுபம். இந்தப் படம் அதற்கு அப்புறமும் போகிறது. தான் வெளியிட்ட செய்தியே ஓர் அரசியல்வாதி இன்னொருவரை வீழ்த்த நகர்த்திய காய் என்பது அவருக்குப் புரிகிறது. எழுதியதில் பொய் இல்லை. நோக்கத்திலும் கோளாறு இல்லை. ஆனால் பயன் வேறு ஆளுக்கு.

சசி கபூருக்கு இதற்காகத்தான் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. தேசிய விருது வாங்கிய படத்தைத் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக இருந்து கடைசி நேரத்தில் நிறுத்தியது. படம் சொன்னதற்கு அதைவிட நல்ல பின்குறிப்பு யாரும் எழுதியிருக்க முடியாது.

தமிழ் ரசிகர்களுக்கு இன்னும் நெருக்கமான வழி கோவிந்த் நிஹலானி வழியாக வருகிறது. அவருடைய 'அர்த் சத்யா' (1983) படத்துக்கு விஜய் டெண்டுல்கர் திரைக்கதை எழுதினார். ஓம் புரி ஒரு நேர்மையான எஸ்.ஐ. ராமா ஷெட்டி என்ற ரவுடி அரசியல்வாதியை அவரால் தொடவே முடியவில்லை. அந்த இயலாமை உள்ளே சேர்ந்து சேர்ந்து, லாக்கப்பில் சிக்கிய ஒரு சின்னத் திருடனை அடித்தே கொன்றுவிடுகிறார். இப்போது வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். யாரிடம் போவது? எந்த ராமா ஷெட்டியைப் பிடிக்க முடியாமல் தவித்தாரோ, அவரிடமே போய் நிற்கிறார். பெரியவரைத் தொட முடியாத கோபம் எளியவன் மீது இறங்குகிறது என்ற கணக்கை அந்தப் படம் போட்டுக் காட்டியது. நம் ஊரில் 'சிங்கம்' வகைப் படங்கள் அந்தக் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டன.

அதே நிஹலானி 1994-ல் 'துரோக்கால்' எடுத்தார். அடுத்த வருடமே பி.சி. ஸ்ரீராம் இயக்கத்தில் கமல்ஹாசன் அதைத் தமிழில் 'குருதிப்புனல்' ஆக்கினார். பாட்டே இல்லாத படம், அதுவும் தீபாவளிக்கு. இன்று யோசித்தாலும் துணிச்சல்தான். ஆதி என்ற போலீஸ் அதிகாரி, பத்ரி என்ற தீவிரவாதத் தலைவன். பத்ரியாக வரும் நாசரை விலங்கோடு உட்காரவைத்து, ஆதியாக வரும் கமல் விசாரிக்கும் காட்சிகளில் யார் யாரை விசாரிக்கிறார்கள் என்பதே கொஞ்சம் கொஞ்சமாக மாறும். எந்த மனிதனுக்கும் ஓர் உடையும் புள்ளி உண்டு என்பது படத்தின் மையக் கருத்து. ஆதிக்கு அந்தப் புள்ளி அவருடைய குடும்பம். குடும்பத்தைக் காப்பாற்ற அவர் துரோகி ஆகிறார், நண்பன் அப்பாஸ் சாகிறான். அவர் தெய்வமாக மதித்த மேலதிகாரி அவருக்கு முன்பே அதே புள்ளியில் உடைந்தவர் என்று தெரியும் இடத்தில் தியேட்டரே அமைதியாகும்.

இந்தப் படத்தின் மீது எனக்கு உள்ள மரியாதை குறையவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி வருடா வருடம் பெரிதாகிக்கொண்டே இருக்கிறது: பத்ரிக்கு என்னதான் வேண்டும்? எந்த நிலம், எந்தக் கோரிக்கை, எந்தக் காயம்? படம் சொல்லவே இல்லை. போராளி என்ற ஓர் அச்சு மட்டும் இருக்கிறது, அதில் எந்த இயக்கத்தையும் ஊற்றிக்கொள்ளலாம். தனிமனிதன் எப்போது உடைவான் என்பதில் அபாரமான நுணுக்கம், அரசியல் என்ன என்பதில் வெற்றிடம். இரண்டும் ஒரே படத்தில் இருக்க முடியும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதைத்தான் மழுப்பல் என்கிறேன். தடுமாற்றத்துக்கும் மழுப்பலுக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே நிறம். கிட்டே போனால் தெரியும். தடுமாற்றம் உள்ள படத்தில் எல்லா விவரமும் நம் கையில் இருக்கும், ஆனாலும் தீர்ப்புச் சொல்ல வராது. மழுப்பும் படத்தில் தீர்ப்பு தயாராக இருக்கும், விவரம்தான் இருக்காது.

விவரத்தை நம்பியே எடுத்த படம் என்றால் அனுராக் காஷ்யப்பின் 'பிளாக் ஃப்ரைடே'. 1993 மார்ச் 12 அன்று பம்பாயில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்து 257 பேர் இறந்தார்கள். அதைப் பற்றி எஸ். ஹுசைன் ஜைதி எழுதிய நூலை வைத்து எடுத்தது. படம் வெடிப்பில் தொடங்குவதில்லை. அதற்கு மூன்று நாள் முன்பு காவலில் இருந்த ஒருவன் திட்டத்தை உளறுகிறான், போலீஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கே தொடங்குகிறது. துரத்தல் காட்சி ஒன்று உண்டு. குடிசைச் சந்துகளுக்குள் ஓடுகிறவனுக்கும் மூச்சு வாங்குகிறது, துரத்துகிற போலீஸுக்கும் மூச்சு வாங்குகிறது. நின்று, இடுப்பில் கை வைத்து, மறுபடி ஓடுகிறார்கள். நம் சினிமா போலீஸுக்கு முதல் தடவையாக வயிறு இருந்தது.

இன்னொரு விவரம். விசாரணைப் பொறுப்பை ஏற்ற ராகேஷ் மரியா அப்போது போக்குவரத்துப் பிரிவின் துணை ஆணையர். கே.கே. மேனன் அவரைக் களைத்துப்போன ஒரு மனிதராகவே நடித்திருக்கிறார். ஆனால் அவருடைய ஆட்கள் சந்தேக நபர்களின் வீட்டுப் பெண்களைக் கொண்டுவந்து என்ன செய்தார்கள் என்பதைக் கேமரா மறைக்கவில்லை. வழக்கு துலங்கியது, துலங்கிய விதம் இது, இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது படம். குண்டு வைத்தவர்கள் பக்கமும் அப்படித்தான். பாதுஷா கான் என்பவன் ஊர் ஊராக ஒளிந்து, காசு தீர்ந்து, அனுப்பியவர்களால் கைவிடப்பட்டு அலைவதைப் பார்க்கும்போது பரிதாபம் வருகிறது. அந்தப் பரிதாபம் வந்ததற்காக நம் மீதே எரிச்சலும் வருகிறது. பாபர் மசூதி இடிப்பும் அதை ஒட்டிய கலவரமும் கடைசிப் பகுதியில்தான் காரணமாக வைக்கப்படுகின்றன. முதலிலேயே சொல்லியிருந்தால் அது சமாதானம் ஆகியிருக்கும். கடைசியில் சொன்னதால் கணக்கு முடியாமல் நிற்கிறது.

2004-லேயே தயாரான படம் 2007 பிப்ரவரியில்தான் திரைக்கு வந்தது. விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு வருவதற்குள் படம் வெளியானால் வழக்கு பாதிக்கும் என்று குற்றம்சாட்டப்பட்டவர்கள் தரப்பில் போட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் தடை விதித்திருந்தது. பொத்தாம்பொதுவான தணிக்கைப் புகார்களோடு இதைச் சேர்க்க எனக்கு மனமில்லை. உண்மைப் பெயர்களோடு படம் எடுத்தால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு ஆள் கூண்டில் நிற்கிறார் என்பதும் யதார்த்தத்தில் அடங்கியதுதானே.

பெயர் வைப்பது எவ்வளவு பெரிய சிக்கல் என்பது 'மெட்ராஸ் கஃபே' (2013) வந்தபோது நமக்கு நன்றாகவே தெரிந்தது. ராஜீவ் காந்தி கொலையைத்தான் ஷூஜித் சர்க்கார் எடுத்தார். ஆனால் படத்தில் அந்தப் பெயர் இல்லை, 'முன்னாள் பிரதமர்' மட்டும்தான். புலிகள் 'எல்.டி.எஃப்.' ஆனார்கள், தலைவர் அண்ணா பாஸ்கரன் ஆனார். எதிர்ப்பு கிளம்பி, தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் படம் வெளியாகவே இல்லை. உளவுத்துறைக்குள்ளேயே ஓட்டை, எச்சரிக்கை இருந்தும் காப்பாற்ற முடியாத கையாலாகாத்தனம், இவற்றைக் காட்டியதில் படம் நேர்மையாகவே இருக்கிறது. ஆனால் ஈழத் தமிழர்கள் அதில் சடலமாகவோ ஆயுததாரியாகவோதான் பெரும்பாலும் தெரிகிறார்கள், தங்கள் தரப்பைப் பேசும் மனிதர்களாக இல்லை. இந்திய அதிகாரிக்கு மட்டும் மனசாட்சிக் குழப்பத்தை ஒதுக்கிவைத்தால் அது பாதிச் சாம்பல். இதே கொலையை எடுத்துக்கொண்ட ஆர்.கே. செல்வமணியின் 'குற்றப்பத்திரிகை' வருடக்கணக்கில் தணிக்கையில் இழுபட்டு 2007-ல் வெளியானபோது, காத்திருந்த ஆட்களே மறந்துவிட்டிருந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? அது தெளிவாகவே சொல்லியிருக்கிறது, அதுவும் ஒரு தமிழ்ப் படத்தை முன்வைத்து. இட ஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துச் சுதந்திரத்தை அடக்க முடியாது, ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்றது. அந்தப் படத்தின் வாதத்தோடு எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை. தீர்ப்போடு முழு உடன்பாடு. ஆனால் தீர்ப்பு இருந்து என்ன, தியேட்டர்க்காரர் கண்ணாடிக் கதவை நினைத்துத்தான் முடிவெடுக்கிறார். அதனால்தான் 'இதில் வரும் பெயர்கள், சம்பவங்கள் அனைத்தும் கற்பனையே' என்ற வரி நம் அரசியல் படங்களின் முதல் வசனமாகவே ஆகிவிட்டது. மழுப்பல் சில சமயம் இயக்குநரின் கோழைத்தனம், சில சமயம் வெறும் இன்ஷூரன்ஸ்.

பெயரே சொல்லாமலும் கூர்மையாக இருக்க முடியும் என்பதற்கு திபாகர் பானர்ஜியின் 'ஷாங்காய்' (2012) உதாரணம். ஊர் பெயர் பாரத் நகர், மாநிலம் எதுவென்று தெரியாது. ஏழைகளின் நிலத்தை எடுத்துத் தொழில் பூங்கா கட்டப் போகிறார்கள். எதிர்த்துப் பேச வந்த பேராசிரியர் மீது லாரி ஏறுகிறது. விசாரணைப் பொறுப்பு டி.ஏ. கிருஷ்ணன் என்ற தமிழ் ஐ.ஏ.எஸ். அதிகாரியிடம் வருகிறது. அபய் தியோல் அந்த அளவான பேச்சையும் கோப்பைப் பார்க்கும் பார்வையையும் அப்படியே பிடித்திருப்பார்.

இந்தப் படத்தின் மூலக்கதை வாசிலிஸ் வாசிலிகோஸ் எழுதிய 'இசட்' நாவல். 1963-ல் கிரேக்கத்தில் லாம்ப்ராகிஸ் என்ற எம்.பி. கொல்லப்பட்டதை வைத்து எழுதியது. கோஸ்டா காவ்ராஸ் 1969-ல் அதைப் படமாக்கி உலகப் புகழ் பெற்றார். அங்கே ஒரு நேர்மையான விசாரணை நீதிபதி உண்மையைக் கொண்டுவருவார், பிறகு ராணுவ ஆட்சி வந்து எல்லாவற்றையும் புதைத்துவிடும். (நிஜ வாழ்க்கையில் அந்த நீதிபதி சார்ட்சடாகிஸ் 1985-ல் கிரேக்கத்தின் குடியரசுத் தலைவரே ஆனார்.) நம் பதிப்பில் ராணுவம் வர வேண்டிய தேவையே இல்லை, கூட்டணிக் கணக்கே போதுமானதாக இருக்கிறது. கிருஷ்ணன் கையில் ஆதாரம் கிடைத்ததும் அவர் நீதிமன்றத்துக்கு ஓடவில்லை. இதைப் போட்டி அரசியல் தரப்பிடம் கொடுத்துவிடுவேன் என்று தன் மேலதிகாரியையே மிரட்டிக் காரியம் சாதிக்கிறார். நியாயத்தை நிலைநாட்ட மிரட்டல்தான் வழி. முடிவில் இறந்தவரின் மனைவி தேர்தல் போஸ்டரில் சிரிக்கிறார், இடிக்கும் இயந்திரம் இடித்துக்கொண்டேதான் இருக்கிறது. 'நியூ டெல்லி டைம்ஸ்' கேட்ட அதே கேள்வி, 26 வருடம் கழித்து.

இதற்கு நேர் எதிர் முனையில் 'எ வெட்னஸ்டே' (2008), அதன் தமிழ் வடிவமான 'உன்னைப்போல் ஒருவன்'. ஒரு சாமானியன் நகரத்தையே பணயம் வைத்துத் தீவிரவாதிகளை வரவழைத்துக் கொல்கிறான். மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிடச் சிக்கலான அறக்கேள்வி இருக்க முடியாது. ஆனால் அவன் மொட்டைமாடியில் நின்று தன் நியாயத்தைப் பேசும் வசனம் முடிந்ததும் நமக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. போலீஸ் அதிகாரியும் அவன் பக்கம், நாமும் அவன் பக்கம். நீதிமன்றம், விசாரணை, தவறான ஆளைப் பிடித்திருக்கும் சாத்தியம், எதற்கும் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. 'விசாரணை'யில் வரும் இளைஞர்களையும் யாரோ ஒருவர் இப்படிக் குற்றவாளி என்று உறுதியாக நம்பித்தானே அடித்தார்?

மலையாளத்தில் 'நாயாட்டு' (2021) பற்றி ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். கதை எழுதிய ஷாஹி கபீர் முன்னாள் போலீஸ்காரர், அது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. ஒரு விபத்து, ஒரு இடைத்தேர்தல், ஒரு சமூகத்தின் ஓட்டு. மூன்று போலீஸ்காரர்கள் நேற்றுவரை தாங்கள் வேலை பார்த்த அதே இயந்திரத்திடமிருந்து ஓடுகிறார்கள். மேலிடம் சொன்னதற்காக மற்றவர்களை மாட்டிவிட்ட துறை இப்போது அவர்களைத் தின்ன வருகிறது. அந்த வட்டம் அருமை. ஆனால் தலித் அரசியலை ஓட்டு மிரட்டலாக மட்டும் சுருக்கிவிட்டது என்று வந்த விமர்சனத்தைத் தள்ளிவிட முடியாது. வேட்டையாடப்படுகிறவன் பக்கம் கேமராவை வைத்துவிட்டால் மற்ற எல்லோரும் வேட்டைக்காரர்களாகத் தெரிவார்கள், அது கேமராவின் குணம்.

சாம்பல் நிறம் எப்போதும் உயர்ந்தது என்று சொல்ல நான் வரவில்லை. வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம் (2023) பார்க்கும் எவருக்கும், வனத்துறையும் போலீஸும் புகுந்து மக்களை அடித்து, பெண்களை வன்கொடுமை செய்த மலைக் கிராமமான வாச்சாத்தி நினைவு வராமல் இருக்காது. 1992 ஜூனில் அங்கே நடந்ததில் இரு பக்க நியாயம் என்று ஒன்றும் கிடையாது. 2011-ல் தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது, அதற்குள் 54 பேர் இறந்தே போயிருந்தார்கள். 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இந்த மாதிரி ஓர் இடத்தில் போய் 'எல்லோருக்கும் ஒரு நியாயம் உண்டு' என்று ஒரு படம் சொன்னால் அது அயோக்கியத்தனம்.

வெற்றிமாறன் அதைச் சொல்லவில்லை. தடுமாற்றத்தை வேறு இடத்தில் வைத்தார். படம் தொடங்குவதே ரயில் குண்டுவெடிப்பில். பெட்டிகள் கவிழ்ந்து கிடக்க, கேமரா வெட்டில்லாமல் சடலங்களுக்கும் அலறலுக்கும் நடுவே நடந்து போகிறது. மக்களுக்காகப் போராடுவதாகச் சொல்லும் படை மீது விழும் பழி அது. அதற்குப் பிறகுதான் அந்தப் படையின் தலைவர் பெருமாள் வாத்தியாரைப் பற்றிக் கேள்விப்படுகிறோம், அவர் மீது மரியாதை வந்தாலும் அந்த முதல் பத்து நிமிடம் தொண்டையில் நிற்கிறது. சூரி நடித்த குமரேசன் ஜீப் ஓட்டும் கடைநிலைக் காவலர். மேலதிகாரியிடம் மன்னிப்புக் கேட்க மறுத்ததைத் தவிர அவன் செய்த புரட்சி எதுவும் இல்லை.

கடைசியில் ஊர்ப் பெண்களைக் காவல் நிலையத்தில் அடைத்துச் சித்ரவதை செய்கிறார்கள். அதில் அவன் நேசிக்கும் தமிழரசியும் இருக்கிறாள். பெருமாள் எங்கே இருக்கிறார் என்பது குமரேசனுக்குத் தெரியும். அவரைப் பிடித்துக் கொடுத்தால் இவர்களை விட்டுவிடுவார்கள் என்று நம்புகிறான். அந்தப் பெண்களுக்காகத் துப்பாக்கி தூக்கிய ஒரே மனிதரைக் காட்டிக்கொடுத்துத்தான் அவர்களைக் காப்பாற்ற முடியும். அவன் கெஞ்சுகிறான், அழுகிறான், அப்புறம் துப்பாக்கியோடு ஓடுகிறான். வழக்கமான படத்தில் நாயகன் முதல் தடவையாக வீரம் காட்டும் இடம் இது. இசையும் அப்படித்தான் ஏறுகிறது. அவன் ஓடி ஓடிப் பெருமாளைப் பிடித்தேவிடுகிறான்.